இருபது அடியில் காணாமல் போன முப்பத்தெட்டு பேர்

பொதுச் சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே நியமனப் பிரிவு இருக்கிறது. அங்கே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு வருகைப் பதிவேட்டில் முறையாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஏனக்கா எங்கே என்று கேட்டால் போதும், லிஃப்ட்காரர் லிஃப்டை அப்படியே போட்டுவிட்டு வந்து காட்டிவிட்டுப் போவார்.

பெயர் வந்த கதை சின்னது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு பச்சைக் கோப்பை மூன்றாம் மாடிக்கு அனுப்பச் சொன்னார்கள். "ஏன் சார்?" என்று கேட்டாள். கேட்கப்பட்டவர் ஐந்து நிமிடம் யோசித்தும் பதில் அகப்படாமல் மூன்றாம் மாடிக்குப் போன் போட்டார். "நீங்க அனுப்புறீங்க, நாங்க பார்த்துட்டுத் திருப்பி அனுப்புறோம்" என்றார்கள் அங்கே. அந்தக் கோப்பு ஆறு வருஷமாக மாடிப்படி ஏறி இறங்கியதைத் தவிர வேறு ஒரு காரியமும் செய்திருக்கவில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இப்போது ஐம்பத்தொரு வயதிலும் உரியவில்லை.

அவளை வம்புக்காரி என்று நினைத்தால் தப்பு. யார் யாரோடு போனார்கள், யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஒரு காரியம் ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால்தான் உள்ளே அரிக்க ஆரம்பித்துவிடும். அது தெரிகிற வரைக்கும் சாப்பாடு இறங்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவர் இருபத்தாறு வருஷமாக இதைச் சகித்துக்கொண்டிருக்கிறார். "நீ ஆள் எடுக்குற ஆபீஸ்ல இருக்கே, துப்பறியிற ஆபீஸ்ல இல்ல. ஞாபகம் இருக்கட்டும்" என்பது அவருடைய வழக்கமான வசனம்.

ஆள் எடுக்கிற வேலையில் அவள் கெட்டிக்காரி. நர்ஸுகள், மருந்தாளுநர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் என்று எத்தனையோ பேர் அவள் மேசையைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவளுடைய இழுப்பறையில் பசை, போட்டோ வெட்டும் கத்தரிக்கோல், ஊசி நூல், நாலு வெள்ளைப் பொத்தான் எப்போதும் இருக்கும். நேர்காணலுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர் சட்டைப் பொத்தானை அன்றைக்குத்தான் தொலைப்பார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. ஏன் என்றும் கண்டுபிடித்திருக்கிறாள்: பஸ்ஸில் வரும்போது திருகிக்கொண்டே வருகிறார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஓர் இடம் மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. அது கடைசி ஸ்டாப் ஆஸ்பத்திரியின் உளவியலாளர் பணியிடம். நகரத்துப் பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி அது. அதற்கு அப்பால் இருக்கிற அத்தனை குடியிருப்புகளுக்கும் அது ஒன்றுதான் கதி. பதினோரு வருஷம் முன்பு அந்தப் பணியிடத்தை வாங்குவதற்கான குறிப்பை அவள்தான் தட்டச்சு செய்தாள். அதற்குப் பிறகு ஏழு பேரைத் தேடிப்பிடித்து அனுப்பினாள். ஒருவர்கூட இரண்டு வருஷம் தாண்டவில்லை. விலகும்போது நிரப்பும் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் ஏழு பேரும் எழுதிய வார்த்தை ஒன்றுதான்: சொந்தக் காரணங்கள்.

ஏழாமவர் படிவம் வந்த அன்று மேலாளர் அவளைக் கூப்பிட்டார். எல்லாக் கோப்பிலும் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதுவதால் அவருக்கும் அவசரம் என்றே பெயர்.

"அக்கா, இந்தத் தடவை மேலிருந்து கண்டிப்பா சொல்லிட்டாங்க. இவரை விடுவிக்கிற தேதிக்குள்ள அடுத்த ஆள் கையெழுத்துப் போட்டா பணியிடம் இருக்கும். இல்லேன்னா ரத்து."

"ஏன் சார்?"

"ஏன்னா, தங்காத ஆளுக்கு எதுக்கு நாற்காலின்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"திரும்பக் கேட்டா குடுப்பாங்களா?"

"ரத்தான பணியிடம் திரும்ப வந்து நான் பார்த்ததில்ல அக்கா. நீங்க பார்த்திருக்கீங்களா?"

அவளும் பார்த்ததில்லை. முப்பது நாள் இருந்தது. விளம்பரம் கொடுத்தாள், கல்லூரிகளுக்குக் கடிதம் போட்டாள். மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒருவர் நகரத்துக்குள் இடம் இருந்தால்தான் வருவேன் என்று ஒதுங்கிவிட்டார். இன்னொருவர் வேறு யாருடைய போட்டோவையோ ஒட்டி அனுப்பியிருந்தார், கேட்டால் கோபித்துக்கொண்டார். மிஞ்சியது ஒரே ஒரு பெண். அந்த ஒருத்தியையும் அனுப்பி, அவளும் எட்டு மாதத்தில் சொந்தக் காரணம் எழுதிவிட்டுப் போனால்? ஏனக்காவுக்கு அரிப்பு ஆரம்பித்துவிட்டது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் காரணம் தெரியும் என்று நினைப்பு. நாள் முழுக்க அடுத்தவர் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தாங்கும், வேலைப் பளு, அதான் ஓடிவிடுகிறார்கள் என்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஏதோ ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாமே என்று ஏழாமவருக்குப் போன் போட்டாள்.

"வேலை ரொம்ப அதிகமாப்பா?"

எதிர்முனையில் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "இந்த மாசம் மூணு பேரைப் பார்த்தேன் மேடம். அதுல ஒருத்தர் எக்ஸ்-ரே ரூம்னு நினைச்சு வந்துட்டார்."

போனை வைத்தவள் நேராக நான்காம் மாடிக்கு ஏறினாள். புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்கு ஒரு தோழி உண்டு. மாதாமாதம் எல்லா ஆஸ்பத்திரியிலிருந்தும் வரும் கணக்கை வாங்கி அடுக்கி வைப்பவள். அதை யாராவது கேட்டு வந்தால் திருவிழா மாதிரி சந்தோஷப்படுவாள், ஏனென்றால் யாரும் கேட்டு வருவதில்லை. இருவரும் அலமாரியைத் திறந்து பதினோரு வருஷத்துக் காகிதத்தைக் கிளறினார்கள். உளவியலாளர் பார்த்தவர்கள்: இரண்டு, பூஜ்யம், மூன்று, ஒன்று, இரண்டு. யார் நாற்காலியில் இருந்தாலும் அதே எண்கள்தான்.

"அந்தப் பக்கம் யாருக்கும் மனசு சரியில்லாம போறதே இல்லபோல" என்றாள் தோழி. "வீடு மாத்திக்கலாமா?"

ஏனக்கா சிரிக்கவில்லை. அதே தாளில் இன்னொரு வரியில் அவள் விரல் நின்றுவிட்டது. பொது மருத்துவர்கள் உளவியலாளரிடம் அனுப்பி வைத்தவர்கள்: நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு.

"டாக்டர் ரூமுக்கும் அந்த ரூமுக்கும் எவ்வளவு தூரம்?"

"ஒரே வராந்தாதான். இருபது அடி இருக்கும். ஏன்?"

"நாப்பது பேர் கிளம்புறாங்க, ரெண்டு பேர் போய்ச் சேர்றாங்க. மீதி முப்பத்தெட்டு பேர் இருபது அடியில எங்க போறாங்க?"

தோழி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு எண்களும் ஒரே தாளில், நாலு வரி இடைவெளியில், பதினோரு வருஷமாக இருந்திருக்கின்றன. அவளே தன் கையால் அடுக்கி வைத்தவை.

அன்று சாப்பாட்டு மேசையில் கணவரிடம் இதே கேள்வியைப் போட்டாள். கல்லூரிக்குப் போகும் மகள் உடனே, "வராந்தாவுல ஓட்டை இருக்கும்மா" என்றாள். கணவர் மட்டும் தட்டைப் பார்த்தபடி யோசித்தார். பிறகு, "எங்க கடையிலயும் பவர் செக் பண்ணிட்டு, கண்ணாடி வாங்காம போறவங்க உண்டு. வாசல்ல நின்னு பார்த்தாத்தான் ஏன்னு தெரியும். உள்ள இருந்து தெரியாது" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்ன உருப்படியான யோசனைகளில் அது முக்கியமானது. மறுநாளே, அடுத்த வாரத்தில் ஒரு நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் கேட்கும் கட்டத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்து அவளே சிரித்துக்கொண்டாள்.

கடைசி ஸ்டாப் ஆஸ்பத்திரி பழைய கட்டடம். சுவரில் இடுப்பு உயரம் வரை பச்சை, அதற்கு மேல் சுண்ணாம்பு. அவள் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பொது மருத்துவர் முன் உட்கார்ந்து, தூக்கம் வரவில்லை என்றாள். பொய் இல்லை. முப்பத்தெட்டு பேர் ஒரு வாரமாக அவளை மூன்று மணிக்கே எழுப்பிவிடுகிறார்கள். மருத்துவர் நாலு கேள்வி கேட்டார், தலை நிமிராமல் ஒரு துண்டுச் சீட்டு எழுதினார். "வராந்தாவுல கடைசிக் கதவு."

நடந்தாள். மருந்து கொடுக்கும் ஜன்னல், கட்டுப் போடும் அறை, தண்ணீர்த் தொட்டி. தரையில் ஓட்டை எதுவும் இல்லை. கடைசியில் ஒரு சாத்திய கதவு, அதன் மேல் சிவப்பு எழுத்தில் மனநலப் பிரிவு என்று ஒரு பலகை. கதவை ஒட்டி மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. பெஞ்சின் ஓரத்தில் காக்கிச் சட்டை போட்ட வாசல்காரர். ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் இருக்கும்போல. முகத்தைப் பார்த்தாலே நல்ல மனிதர் என்று தெரிந்தது.

"உட்காரும்மா. நடந்து வந்ததே மூச்சு வாங்குது" என்று தள்ளி இடம் கொடுத்தார். சீட்டுக்குக் கை நீட்டினார். "என்ன பிரச்சினை?"

"தூக்கம் வரலண்ணே."

"எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"

"மூணு."

"எனக்கும் மூணுதான். வீட்டுக்காரி போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அன்னையிலேர்ந்து மூணு மணிக்கு டாண்ணு எழுந்து உட்கார்ந்துடுவேன். அதுக்காகச் செத்தா போயிட்டேன்? வேலைக்கு வரல?" குரலைத் தாழ்த்தினார். "பசங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"கல்யாணம் ஆகலையே?"

"காலேஜ் படிக்கிறா."

"அப்போ நான் சொல்றதைக் கேளு. வீட்டுக்குப் போ. சூடா ஏதாவது குடி, காலை நீட்டிப் படு. இந்தக் கதவுக்குள்ள போகாத. எதிர்ல பாரு, மருந்து வாங்க எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு. அத்தனை பேரும் இந்தக் கதவைத்தான் பார்த்துட்டு நிக்கிறாங்க. நீ போகும்போது ஒரு பேரோட போவ, வெளிய வரும்போது வேற பேரோட வருவ."

சொல்லிக்கொண்டே சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையில் ஏற்கெனவே சீட்டுகள் இருந்தன. முப்பத்தெட்டு பேர் எங்கே போனார்கள் என்று ஏனக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏழு பேர், பதினோரு வருஷம், இந்த ஆள் ஒருத்தர்! ஆனால் வாயைத் திறந்தபோது வழக்கமான வார்த்தைதான் வந்தது.

"ஏண்ணே?"

வாசல்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

"எங்க அக்கா ஒருத்தி" என்று ஆரம்பித்தார். "தையல்ல கை வெச்சா அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். இருபது வயசுல என்னமோ ஆச்சு, ஒரு மாசம் சாப்பிடல, பேசல. பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் வெச்சிருந்தாங்க. நல்லாத்தான் திரும்பி வந்தா. ஆனா தெருவுல எவனும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடல. எங்க வீட்டுக்கே பைத்தியக்கார வீடுன்னு ஆயிடுச்சு. நிச்சயம் பண்ணியிருந்த கல்யாணம் நின்னு போச்சு. தைக்கக் குடுத்த துணியைக்கூட வந்து திருப்பி வாங்கிட்டுப் போனாங்கம்மா. கடைசி வரைக்கும் எங்கூடதான் இருந்தா, என் பிள்ளைங்களுக்கு மட்டும் தெச்சுட்டு. பதினோரு வருஷம் முன்னாடி எனக்கு இந்தக் கதவுல வேலை போட்டப்ப முடிவு பண்ணிட்டேன். என்னால முடிஞ்ச வரைக்கும் ஒருத்தருக்கும் அந்தப் பேர் வரவிடக் கூடாதுன்னு."

வந்த கோபம் எங்கே போனதென்று ஏனக்காவுக்குத் தெரியவில்லை. திருடனைப் பிடிக்கப் போன இடத்தில், காவல்காரர் அல்லவா உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் எழுந்தாள்.

"நான் உள்ள போயிட்டு வரேண்ணே."

"பொண்ணு இருக்குன்னு சொன்னியேம்மா!"

"பார்த்துக்கலாம்."

உள்ளே மேசை, இரண்டு நாற்காலி, துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் தரை. ஏழாமவர் துள்ளி எழுந்து, "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்ட வேகத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது. இருபத்தேழு வயதுப் பையன். அடையாள அட்டையைக் காட்டினாள். காற்றுப் போன பலூனாக உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லுப்பா. ஏன் போற?"

"நாலு மாசம் காத்திருந்தேன் மேடம். அப்புறம் என் முகத்துலதான் ஏதோ இருக்குன்னு தோணுச்சு. வெளிய கேட்டா, யாரும் வரல சார்னு சொல்றார். கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகிக்கூடப் பார்த்தேன்."

"உன்கிட்ட வரச் சொல்லி மாசம் நாப்பது பேரை அனுப்பியிருக்காங்க. எல்லாரும் வழியிலேயே திரும்பிடுறாங்க. உனக்கு முன்னாடி இருந்த ஆறு பேருக்கும் இதே கதைதான்."

"ஆறு பேருக்குமா?"

"ஆறு பேருக்கும்."

அவர் சிரித்தார், சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது. ஆனாலும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, பஸ்ஸில் வந்ததற்கு இது ஒன்றே போதும் என்று ஏனக்கா நினைத்தாள். அவர்கள் எதனால் திரும்புகிறார்கள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது வாசல்காரர் எழுந்து நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடுவது தெரிந்தது.

"உள்ள என்னம்மா பண்ணாங்க?"

"பேசிட்டு இருந்தோம்."

"ஊசி, கீசி?"

"ஒண்ணும் இல்ல. பேச்சுதான்."

"அவ்வளவுதானா?"

பதினோரு வருஷம் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாது! ஏனக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகிற போக்கில்தான் கேட்டாள், அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டாள்.

"நீங்க திருப்பி அனுப்புனீங்களே, அவங்க எல்லாம் அப்புறம் என்ன ஆனாங்கண்ணே?"

வாசல்காரரின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அவர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

அறிக்கை எழுதினால் ஒரே பக்கத்தில் முடிகிற விஷயம். எழுதினால் அந்த மனிதரின் கடைசி வருஷம் விசாரணையில் போகும். பலகையும் மருந்து வரிசையும் அப்படியே இருக்கும். வேறொருவர் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்சம் குறைவான அன்போடு அதையே சொல்வார். ஏனக்கா எழுதவில்லை. பலகையின் இடத்தை மாற்றலாமா என்று கட்டடப் பிரிவுக்கு ஒரு கடிதம் மட்டும் போட்டாள். அது கிணற்றில் போட்ட கல்.

நேர்காணல், ஏழாமவரை விடுவிக்கும் நாளன்றே வைக்கப்பட்டது. மூன்று பேர் குழு. குறிப்பெடுக்க ஏனக்கா ஓரத்தில் உட்கார்ந்தாள். வந்த ஒரே பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தடித்த கண்ணாடி, பள்ளிக்குப் போகும் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த அவசரம். பொத்தான் எல்லாம் பத்திரமாக இருந்தது. உளவியலாளருக்கென்று தனியாகக் கேள்வித்தாள் தயாரிக்க யாருக்கும் நேரமில்லாததால், நர்ஸுகளுக்கான பழைய தாளில் நர்ஸ் என்ற இடத்தையெல்லாம் அடித்து உளவியலாளர் என்று எழுதிவிட்டார்கள். குழுத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"உளவியலாளர் ஒருவர் ஊசி போடும் முன் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள் யாவை?"

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். "முதல் விஷயம், அவர் உளவியலாளரான்னு கவனிக்கணும் சார். ஆமான்னா, ஊசியைக் கீழ வெச்சிடணும். மீதி ரெண்டு தேவைப்படாது."

தலைவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், காது மடல் சிவந்தது. பிறகு குழுவே சிரித்துவிட்டது. மூன்றரை மணிக்கு எல்லாம் முடிந்து, ஆணை தட்டச்சாகி ஏனக்காவின் கைக்கு வந்தது. ஐந்து மணிக்குள் கையெழுத்து வேண்டும். கதவருகில் நின்ற அவசரம், சீக்கிரம் சீக்கிரம் என்று கண்ணாலேயே விரட்டினார்.

எட்டாமவர் பேனாவைத் திறந்தாள். ஏனக்கா காகிதத்தை நீட்டினாள், ஆனால் விடவில்லை. விட்டுவிட்டால் பணியிடம் பிழைத்துவிடும், அவள் தலையும் தப்பிவிடும். சொல்லிவிட்டால் இந்தப் பெண் எழுந்து போகலாம். போனால் பஸ் திரும்புகிற இடத்துக்கு அப்பால் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்த அறை இல்லாமலே போய்விடும். ஆனால் ஏழு பேரைச் சொல்லாமல்தானே அனுப்பினாள். எட்டாவதாக ஒருத்தி கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கொஞ்சம் வெளிய வாங்கம்மா."

லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது, இரண்டு, சிவப்புப் பலகை, சட்டைப் பைச் சீட்டுகள், தையல் அக்கா. "அவரை மாட்டிவிட மாட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதனால இது நமக்குள்ள. ஆனா நீங்க தெரியாம போகக் கூடாது. போய் உட்கார்ந்தா யாரும் வர மாட்டாங்க. அது உங்க குறைன்னு தோணும். உங்க குறை இல்ல."

எட்டாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மணி நாலு இருபது. உள்ளிருந்து அவசரம் இருமினார்.

"அவர் பேச்சைக் கேட்டு எல்லாரும் போயிடறாங்களா? மறுக்காம?"

"நன்றி சொல்லிட்டுப் போறாங்க."

"அப்படின்னா நல்லா கேக்கத் தெரிஞ்ச மனுஷன்" என்றாள் எட்டாமவர். இன்னும் கொஞ்சம் துடைத்தாள். "தப்பான பக்கம் திருப்பி அனுப்புறார், அவ்வளவுதான். ஏனக்கா... உங்களை அப்படித்தானே கூப்பிடணும்? அந்தப் பெஞ்சு எவ்வளவு நீளம்?"

"மூணு பேர் உட்காரலாம். ஏன்?"

"அவர் ஓரத்துல உட்கார்றார்னு சொன்னீங்களே. இன்னொரு ஓரம் காலியா இருக்குமே."

ஏனக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது அந்தப் பெண் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள். அவசரம் தன் வாழ்நாளில் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு ஏனக்கா மாதக் கணக்குக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். முதல் மாதம்: இரண்டு. இரண்டாம் மாதம்: மூன்று. அவள் நொந்து போனாள். பாவி, ஒரு குழந்தைக்காரியைக் கொண்டுபோய்த் தலைகுப்புறத் தள்ளிவிட்டோமே என்று வீட்டில் புலம்பினாள். மூன்றாம் மாதம்: ஒன்பது. நான்காம் மாதத்துக் கணக்கோடு புள்ளிவிவரத் தோழி லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடி வந்தாள்.

"இருபத்தாறு! நான் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்!"

அவ்வளவுதான், ஏனக்காவால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்த அறை வாசலில் இருக்கும் போனின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். நாலாவது மணியில் எடுத்தது ஓர் ஆண் குரல்.

"அம்மா உள்ள ஆள் வெச்சிருக்காங்க. வெளிய இன்னும் அஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. மத்தியானத்துக்கு மேல பேசுங்க."

"தலைமை அலுவலகத்துலேர்ந்து பேசுறேன். இப்போ நிறைய பேர் வர்றாங்களாமே. ஏண்ணே?"

அந்தக் கேள்வியை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"மூணு மணிக்கு முழிப்பு வர்ற அம்மாதானே நீ?"

ஏனக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறைத்துப் பிரயோசனமில்லை. "ஆமாண்ணே. மன்னிச்சுக்கோங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா. நீ கேட்டுட்டுப் போனியே ஒரு கேள்வி, அதைத்தான் தாங்க முடியல. அப்புறம் இந்த அம்மா வந்தாங்க. ரெண்டு மாசம் உள்ள அவ்வளவா போகவே இல்ல. எங்கூட பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தாங்க. யார் வந்தாலும் என்னைப் பேசவிட்டுக் கேட்டுட்டு இருந்தாங்க. எதிர்ல நிக்கிறவங்களுக்கு யார் டாக்டர், யார் நோயாளி, யார் சும்மா கால் வலிக்கு உட்கார்ந்திருக்காங்கன்னே தெரியல. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் அவங்க பாட்டுக்கு மருந்து வாங்கிட்டுப் போறாங்க. போன மாசம் சில பழைய சீட்டை எடுத்துக்கிட்டு நானே வீடு வீடா போய்ட்டு வந்தேன். என்ன ஆனாங்கன்னு பார்க்க."

"எப்படி இருக்காங்க?"

"சில பேர் நல்லா இருக்காங்க" என்றார் அவர். மற்றவர்களைப் பற்றிச் சொல்லவில்லை. "ஏழு பேர் எங்கூட வந்தாங்க."

ஏனக்காவுக்குக் கண் கரித்தது. அவர் சட்டென்று பேச்சை மாற்றினார்.

"இப்போ எத்தனை மணிக்கும்மா முழிப்பு வருது உனக்கு?"

"அஞ்சரை வரைக்கும் தூங்குறேண்ணே. உங்களுக்கு?"

வராந்தாவில் யாரோ இருமுவதும் கதவு திறந்து மூடுவதும் போனில் கேட்டது. வாசல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யார் உள்ள போனாங்க, எதுக்குப் போனாங்கன்னு வெளிய சொல்லக் கூடாதும்மா. இங்க அப்படித்தான்."

முதல் நாள், முன்பின் தெரியாதவளிடம், மூன்று மணி என்று தயங்காமல் சொன்ன மனிதர் அவர். ஏனக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். நாக்கு நுனி வரை வந்துவிட்ட அந்த ஒற்றை வார்த்தையை விழுங்கிவிட்டு, "சரிண்ணே, வேலையைப் பாருங்க" என்று வைத்தாள்.